மெலியிறத்துக்கு விற்றமின் இரிக்கா?

பாமசி கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு மட்டக்களப்பில் இந்தக் கேள்வி நன்றாகப் பழகியிருக்கும். கேட்கிற விதம்தான் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் நேரே கேட்பார்கள். சிலர் பனடோல் ஒரு காட் வாங்கி, காசு கொடுத்து, மிச்சத்தையும் எண்ணி, பக்கத்தில் தெரிந்தவர்கள் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, "தங்கச்சி, மெலியிறத்துக்கு விற்றமின் ஏதும் இரிக்கா?" என்பார்கள். இன்னும் சிலர் கையில் போத்தலோடேயே வருவார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மச்சாள் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. "இத சாப்பாட்டுக்கு முதல் போடுறதா, மறுகா போடுறதா?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி. போடத்தான் வேண்டுமா என்ற கேள்வி அவர்களிடம் இல்லை, மச்சாள் விமானத்தில் சுமந்து வந்ததாச்சே.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறையாது. விற்றமினும் கனியுப்பும் உடம்பில் ஏறிய கொழுப்பைக் கரைக்காது. சத்துக் குறைபாடு இருந்தால் அதை நிரப்பும், அதுவே பெரிய உபகாரம்தான், ஆனால் எடை வேறு கதை. இவ்வளவையும் கவுண்டரில் நின்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது. "அப்ப ஏன் போத்தலில அப்பிடி எழுதிக்கிடக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பின்னால் வரிசை நிற்கும்போது அதற்கு விளக்கம் சொல்ல முடியாது. இங்கே சொல்லலாம்.

போத்தலில் பெரும்பாலும் எழுதியிருப்பது, பி வகை விற்றமின்கள் உணவைச் சக்தியாக மாற்ற உதவுகின்றன என்பது. அது பொய்யில்லை. நாங்கள் தின்னும் சோறு உடம்புக்குள் சக்தியாக மாற விற்றமின் பி1 கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதைக் கண்டுபிடித்த கதையே அரிசியில்தான் தொடங்குகிறது. 1890களில் ஜாவாவில் வேலை செய்த எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்துபோவதையும், தவிடு போகாத அரிசியைக் கொடுத்தால் அவை எழும்பி நடப்பதையும் பார்த்தார். அந்தத் தவிட்டில் இருந்தது பி1தான். மனிதர்களுக்கு வந்த பெரிபெரி நோயின் மர்மம் அதிலிருந்துதான் அவிழத் தொடங்கியது, 1929 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. படுவான்கரையில் வயல் வைத்துக்கொண்டு, விளைந்த நெல்லைக் குத்தித் தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு, வெள்ளைச் சோற்றையும் அதற்குப் பக்கத்தில் பி கொம்ப்ளெக்ஸ் குளிசையையும் வைத்துச் சாப்பிடுகிற எங்களைப் பார்த்தால் அந்த மனிதர் என்ன சொல்வாரோ.

சரி, பி1 இல்லாவிட்டால் சக்தி வராது, அதுமட்டும் உண்மை. அதிலிருந்து "கூடப் போட்டால் கூட எரியும்" என்று தாவுவதுதான் வியாபாரம். வாவியில் ஓடுகிற வள்ளத்து எஞ்சினுக்கு ஒயில் குறைந்தால் எஞ்சின் இறுகிப்போகும். அதற்காக அளவுக்கு மேல் இரண்டு போத்தல் ஒயில் ஊற்றினால் வள்ளம் பறக்காது. பி விற்றமின்களில் மிஞ்சுவதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். குளிசை போட்டபிறகு சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறதென்று சிலர் பயந்துபோய் வருவார்கள். அது பி2, உடம்புக்குத் தேவைப்படாமல் வெளியே போகிறது. கொடுத்த காசும் அதோடேயே போகிறது என்று நான் சொல்வதுண்டு, முதலாளி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து.

இதில் அதிகம் குழப்புவது விற்றமின் டி. ஏனென்றால் இதில் ஆராய்ச்சி இருக்கிறது, இரத்தப் பரிசோதனை இருக்கிறது, றிப்போர்ட்டில் 'குறைவு' என்று அச்சடித்தே வருகிறது. எடை கூடினவர்களுக்கு இரத்தத்தில் விற்றமின் டி குறைவாக இருக்கும் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். அதைக் கேட்டவுடன் மனம் ஓடுவது ஒரே திசையில்தான்: டி குறைந்தபடியால் உடம்பு வைத்தது, டி போட்டால் உடம்பு இறங்கும். ஆனால் நடப்பது மறுவளம். விற்றமின் டி கொழுப்பில் கரைகிற சாமான். உடம்பில் கொழுப்பு கூடக்கூட அது அதற்குள்ளேயே பரவித் தங்கிவிடும், இரத்தத்தில் தெரிகிற அளவு இறங்கும். 2013 இல் ஏறக்குறைய 42,000 பேரின் மரபணுத் தகவலை வைத்து இதை ஆராய்ந்து பார்த்தார்கள், எது முதலில், எது பிறகு என்று. உடல் நிறைச் சுட்டெண், அதாவது உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற எடைக் கணக்கு, நூற்றுக்கு 10 கூடினால் விற்றமின் டி நூற்றுக்கு 4 அளவில் இறங்குகிறது என்று வந்தது. டி குறைவாக இருப்பதால் எடை கூடுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

அது மரபணுக் கணக்கு, கொடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற, எடை கூடின, விற்றமின் டி குறைந்த 218 பெண்களை அமெரிக்காவில் எடுத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சொல்லி, பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 2,000 அலகு விற்றமின் டியும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் ஒரு வருடம் கொடுத்தார்கள். 2014 இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் மெலிந்தார்கள், ஏறக்குறைய ஒரே அளவுக்கு. மெலிய வைத்தது சாப்பாடும் நடையும்.

கல்சியமும் இப்படித்தான். பால் குடித்தால், கல்சியம் எடுத்தால் கொழுப்பு குறையும் என்று 2000களின் தொடக்கத்தில் பெரிய பேச்சு அடிபட்டது. 340 பேருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் கல்சியமோ வெறும் குளிசையோ இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009 இல் வந்தது, எடையில் வித்தியாசமே இல்லை. அதைவிடப் பெரியது அமெரிக்காவில் 36,282 பெண்களை வைத்துச் செய்தது. கல்சியமும் விற்றமின் டியும் சேர்த்து ஏழு வருடம். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையில் வந்த எடை வித்தியாசம் சராசரியாக 0.13 கிலோ, அதாவது 130 கிராம். ஏழு வருடத்துக்கு! ஒரு கோப்பை பிளேன்ரீ குடித்துவிட்டுத் தராசில் ஏறினாலே அதைவிடக் கூடக் காட்டும்.

குரோமியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'குரோமியம் பிகோலினேற்' என்று போத்தலில் இருக்கும், சீனி வருத்தக்காரர்களும் இதைத் தேடி வருவார்கள். இதைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2013 இல் கொக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துத் தரம் பார்க்கிற சர்வதேசக் குழு பார்த்தது. மூன்று நான்கு மாதத்தில் ஒரு கிலோ அளவு வித்தியாசம், அதையும் உறுதியாக நம்புகிற அளவுக்கு ஆய்வுகள் தரமாக இல்லை என்று எழுதினார்கள்.

எல்லா ஆய்வும் கையை விரித்ததென்றும் சொல்லக்கூடாது. சீனாவில் பருமனான 96 பெண்களுக்குப் பல விற்றமின், பல கனியுப்பு சேர்ந்த குளிசையை 26 கிழமை கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2010 இல் வந்தது, அதில் போட்டவர்கள் மூன்றரைக் கிலோ அளவில் இறங்கியிருந்தார்கள். இணையத்தில் விற்கிறவர்கள் எடுத்துக் காட்டுவது இப்படியான ஒன்றைத்தான். நான் அதைத் தள்ளிவிடவில்லை, ஆனால் மூன்று பிரிவாகப் பிரித்த 96 பேரின் முடிவை ஒருபக்கமும் 36,000 பெண்களின் ஏழு வருடத்தை மறுபக்கமும் வைத்தால் எந்தப் பக்கம் சாய்வது என்று எனக்குச் சந்தேகமில்லை. இரண்டும் ஒரே குளிசை இல்லையே என்று கெட்டிக்காரர் யாராவது கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் சின்ன ஆய்வென்று சொல்கிறேன், பொய் ஆய்வென்று சொல்லவில்லை.

இனி எனக்குப் பிடித்த போத்தல். விற்றமின் இல்லை, கனியுப்பும் இல்லை, ஆனால் எப்போதும் அவற்றுக்குப் பக்கத்து இடத்தில் இருக்கும். 'கார்சீனியா கம்போஜியா' என்று பெரிதாக எழுதி, மெல்லிய இடையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமும் போட்டிருப்பார்கள். ஒரு அக்கா அதைக் கொண்டுவந்து "இது என்ன சாமான் புள்ள?" என்று கேட்டபோது, கொறுக்காய்தான் அக்கா, மீன்கறிக்குப் போடுவாங்களே, என்றேன். அவர் நம்பவில்லை. சந்தையில் கறுப்பாகச் சுருங்கிக் கிடக்கிற அதே கொறுக்காய் இனம், இந்தியாவில் குடம்புளி என்பார்கள், அதன் தோலிலிருந்து எடுத்த அமிலம்தான் குளிசையாகி, கப்பலேறிப் போய், விலையேறித் திரும்பி வருகிறது. 1998 இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்துப் பன்னிரண்டு கிழமை பார்த்தார்கள். கொறுக்காய்க் குளிசை போட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ இறங்கினார்கள், வெறும் குளிசை போட்டவர்கள் 4.1 கிலோ. வித்தியாசம் கணக்கில் எடுக்கிற அளவுக்கு இல்லை. கறியில் போடுகிற சுளையால் ஒரு கேடும் இல்லை, ஆனால் செறிவாக்கிய குளிசையைப் போட்டுச் சிலருக்கு ஈரல் பழுதடைந்ததாக வைத்திய இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். சமையலறையில் இருக்கிற சாமான்தானே, என்ன செய்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்படியெல்லாம் சொல்வதால் குளிசைக்கே நான் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். குளிசை கட்டாயம் வேண்டியவர்கள் இருக்கிறார்கள், வேடிக்கை என்னவென்றால் அவர்களில் பலர் போடுவதில்லை. சீனி வருத்தத்துக்கு வருடக்கணக்காக மெட்போமின் போடுகிறவர்களைப் பாருங்கள், எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் என்றாலும் தேறும். அந்தக் குளிசை நாள்பட விற்றமின் பி12 ஐக் குறைக்கக்கூடும். கால் விறைக்கிறது, எரிகிறது, தலை கிறுகிறுக்கிறது என்று வரும்போது எல்லாவற்றையும் சீனியின் தலையில் போட்டுவிடுகிறோம், பி12 பார்த்தீர்களா என்று கேட்டால் கிளினிக்கில் சொல்லவில்லை என்பார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். எடை குறைக்க வைத்தியர்கள் எழுதுகிற ஓர்லிஸ்டாற் என்ற மருந்து சாப்பாட்டுக் கொழுப்பின் ஒரு பகுதியைச் செரிக்கவிடாது. அந்தக் கொழுப்போடு ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் போய்விடும், அதனால் அதைப் போடுகிறவர்கள் இரவில் படுக்கப்போகும்போது பல விற்றமின் குளிசை ஒன்று எடுக்க வேண்டும். இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்கவே வேண்டும். கவனியுங்கள், இங்கெல்லாம் மெலிய வைப்பது வேறொன்று, அது உண்டாக்குகிற ஓட்டையை அடைப்பதுதான் விற்றமினின் வேலை.

இரும்புச்சத்துக்கும் இதே நியாயம்தான், ஆனால் இதில் ஒரு சுற்றுவழி இருக்கிறது. இரத்தம் குறைந்த பெண்ணுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், கல்லடிப் பாலத்தில் நடக்கிறவர்களைப் பார்த்து நாமும் நடப்போம் என்று கிளம்பினால் பாதியில் கால் சோர்ந்துவிடும். இரும்புச்சத்து ஏறினால் சோர்வு போகும், சோர்வு போனால் நடப்பாள். மெலிந்தாள் என்றால் நடந்ததால் மெலிந்தாள். இந்தச் சுற்றுவழியை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குளிசையைப் போடுகிற விதத்தைப் பார்த்தால் அழுகைதான் வரும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, கையில் பிளேன்ரீயோடு. தேயிலையில் இருக்கிற துவர்ப்புச் சாமான் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கர்ப்பிணிகளுக்கு இரும்போடு விற்றமின் சியும் கொடுத்தனுப்புவது சும்மா இல்லை, இரும்பு சேர அது உதவும். அந்தப் பையிலேயே கல்சியமும் இருக்கும், அதை இரும்போடு ஒன்றாக விழுங்கக்கூடாது, வேறு நேரத்தில் போட வேண்டும். மிட்வைஃப் இதைச் சொல்லித்தான் கொடுப்பார், வீட்டுக்கு வந்தால் மாமியார் "எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுட்டுப் படு மகள்" என்பார். தைரொயிட் குறைவாக வேலை செய்வதால் தைரொக்சின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: இரும்பும் கல்சியமும் அந்த மருந்தைச் சேரவிடாது, நான்கு மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும். தைரொயிட் சரியாகக் கட்டுப்படாவிட்டால் எடை கூடும். மெலிய என்று கல்சியம் போட்டு, அதனாலேயே மருந்து வேலை செய்யாமல் எடை கூடினால் யாரைக் கோபிப்பது?

தைரொயிட் என்றதும் பயோட்டின் ஞாபகம் வருகிறது. முடி கொட்டுகிறதென்று போடுகிற குளிசை. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவில், கடையில் விற்கிற குளிசையில் 5,000, 10,000 என்று இருக்கும். ஒரு ஆசிரியை, உடம்பு வைத்துக்கொண்டே போகிறதென்று தைரொயிட் பார்த்திருக்கிறார். றிப்போர்ட்டில் தைரொயிட் கூடுதலாக வேலை செய்கிற மாதிரி வந்திருந்தது. தைரொயிட் கூடினவர் மெலியத்தானே வேண்டும், இவர் எதிர்ப்பக்கம் போகிறார். மருந்து வாங்க வந்த இடத்தில் கதையோடு கதையாக வேறு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால், கைப்பையிலிருந்து பயோட்டின் போத்தலை எடுத்தார். சில ஆய்வுகூட இயந்திரங்கள் பரிசோதனைக்கே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன, இரத்தத்தில் அது நிறையக் கிடந்தால் எண்கள் பிசகிப்போகும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகூடப் பிசகும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 இல் எச்சரித்திருக்கிறது. தைரொயிட் பார்க்கிறதென்றால் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்த வேண்டும். அவரை வைத்தியரிடமே திருப்பி அனுப்பினேன். நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்த்தபோது எண்கள் சரியாக வந்தனவாம், உடம்பு வைத்ததற்குக் காரணம் வேறெங்கோ.

அந்த வேறெங்கோ பெரும்பாலும் கோப்பையில்தான் இருக்கிறது, நான் உபதேசம் செய்யப்போவதில்லை, ஒரே ஒரு கணக்கு. தேக்கரண்டிச் சீனி 5 கிராம், 20 கலோரி. கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை தேநீர் என்றால் 200 கலோரி, மாதத்துக்கு 6,000. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700. உடம்பு இவ்வளவு நேராகக் கணக்குப் பார்க்காது, குறைத்த கொஞ்சத்தை வேறு பக்கத்தால் ஈடுசெய்யப் பார்க்கும், என்றாலும் ஏழு வருடத்துக்கு 130 கிராம் என்ற கணக்குக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். தயிரில் கல்சியம் இருக்கிறது, எங்கள் எருமைத் தயிருக்கு நிகர் எங்கேயும் இல்லை, ஆனால் சட்டித் தயிரில் பாதியை எடுத்து அதன்மேல் சீனியைக் கொட்டிவிட்டுக் கல்சியம் சாப்பிட்டேன் என்று சொல்லக்கூடாது. முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலியிலும் கல்சியம் இருக்கிறது, முருங்கை இலையில் இருக்கிறது, போத்தலில் இருப்பதைவிட மலிவாக.

கடைசியாக, பயப்பட வேண்டிய ரகம். பெயர் தெரியாத கொம்பனி, முகநூலில் விளம்பரம், 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை, பதினைந்து நாளில் பத்துக் கிலோ', தபாலில் வரும். மெலிய வைக்கிற கோப்பி என்றும் வரும். இப்படிப்பட்டவற்றில் பலதைப் பிடித்துச் சோதித்தபோது சிபுற்றமின் கலந்திருந்ததை வெளிநாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது எடை குறைக்கும் மருந்தாகவே விற்கப்பட்டு, மாரடைப்பும் பக்கவாதமும் வருகிற ஆபத்துக் கூடுகிறதென்று 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. ஆகவே விற்றமின் என்று வாங்கிய சாமான் உண்மையிலேயே பசியை அடக்கி, நெஞ்சைப் படபடக்க வைத்து, நித்திரையைக் கெடுத்து, எடையையும் இறக்கினால், சந்தோஷப்படாமல் அதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். வேலை செய்கிறதே என்று சிநேகிதிக்கும் ஒரு போத்தல் சொல்லிவிடாதீர்கள். எங்கள் நாட்டில் மருந்துகளைப் பதிகிற தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. பதிவு இலக்கம் இல்லாமல், இறக்குமதி செய்தவரின் விலாசம் இல்லாமல் தபாலில் வருகிறதை எந்தப் பாமசிக்காரராலும் உங்களுக்காகச் சோதித்துச் சொல்ல முடியாது, என்னிடம் கொண்டுவந்து நீட்டாதீர்கள்.

மச்சாள் தந்த போத்தல் வீட்டில் ஏற்கெனவே இருந்தால், அதை எறியத்தான் வேண்டும் என்றில்லை. திகதி முடியாமல், ஒரு நாள் தேவைக்குக் கிட்டிய அளவில் இருக்கிற சாதாரணப் பல விற்றமின் என்றால் ஒன்று போட்டு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஒரே விற்றமின் இரண்டு மூன்று போத்தலில் இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள், விற்றமின் ஏ கூடினால் ஈரலுக்குக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு வயிற்றுப் பிள்ளைக்கே கூடாது. டி அளவுமீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல் என்று தொடங்கிச் சிறுநீரகத்தில் முடியும். பி6 கூடிய அளவில் நெடுநாள் போட்டால் நரம்பு கெட்டுக் கால் விறைக்கும். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு இந்தப் போத்தல்களையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், டொக்டர் ஏசினால் ஏசிவிட்டுப் போகட்டும். மற்றது, இனிப்பு மாதிரி, கரடிக்குட்டி வடிவத்தில் வருகிற விற்றமின்களையும் இரும்புக் குளிசைகளையும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளை இரும்புக் குளிசையை அள்ளி வாயில் போட்டால் அது நஞ்சு, வாந்தி எடுத்துவிட்டதே என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு.